மாத்திரை போட்டாச்சு, சத்து போச்சு



வியாழக்கிழமை தரும் நீல மாத்திரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை ஜன்னல் வழியா வீசுறவங்களைத் திட்ட வரல. ஒழுங்கா முழுங்குறவங்களுக்குத்தான் இந்தச் சேதி.

எங்க அக்காவுக்கு ஏழாவது மாசம். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையைத் தினமும் போடுறா. நம்ம நீலத்திலும் அந்தச் சிவப்பிலும் 60 மில்லிகிராம் இரும்புதான். ஒரு நாள்கூட விடல, ஆனா ரத்தம் 9-லேயே நிற்குது. கர்ப்பிணிக்கு 11 வேணும். "மாத்திரையே சரியில்ல"ன்னு ஆயா சொல்லிச்சு. போன வாரம்தான் நான் கவனிச்சேன். குமட்டுதுன்னு டீயோட முழுங்குறா! கூடவே கால்சியம் மாத்திரையும்.

அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். இரும்பு வயிற்று அமிலத்தில் கரைந்து, சிறுகுடலின் தொடக்கத்தில்தான் ரத்தத்துக்குப் போகுமாம். டீயில் உள்ள டானின் அதைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடும். கட்டுண்ட இரும்பு குடல் சுவரைத் தாண்டாது, வெளியேதான் போகும். கால்சியமும் இரும்புக்கு வழி விடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து அமிலத்தையே குறைத்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும், ஆனால் குமட்டும், அதனால்தான் நம்மைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்கிறார்கள். எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் இரும்பைச் சேர்க்க உதவும். (மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க. சேராத இரும்புதான் அது.)

நம்மில் எத்தனை பேர் "வீட்டுல போட்டுக்கறேன் மிஸ்"னு வாங்கிட்டுப் போய், சாயங்காலம் டீயில முழுங்குறோம்? நோட்டில் டிக் விழுந்துடும். உடம்பில் விழுந்ததான்னு யாரும் கேட்பதில்லை. மாத்திரை தரும்போதே "டீ, பாலோட வேணாம், ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடி"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும் என்பது என் கருத்து. வியாழக்கிழமைச் சாப்பாட்டோடு ஒரு துண்டு எலுமிச்சையும் கொடுத்தால் இன்னும் நல்லது. அதுக்குப் பெரிய செலவு ஆகாது.

டீ மட்டும்தான் காரணமான்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா இப்போ அக்கா மதியம் மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைச் சாறோட சிவப்பு மாத்திரை, ராத்திரி கால்சியம்னு மாத்திட்டா. டீ நாலு மணிக்கு மேலதான். ஆயா முணுமுணுக்குது. அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனை. எவ்வளவு வந்ததுன்னு அடுத்த தாளில் எழுதுகிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி