முகாமையாளரை மாற்றினால் எல்லாம் சரியாகி விடுமா?



மென்செஸ்டர் யுனைடெட் தோற்ற இரவுகளில் நமது வட்சப் குழுமங்களில் ஒரே தீர்ப்புத்தான்: "முகாமையாளரைத் தூக்கு." மொய்ஸ் காலத்திலும் இதைத்தான் சொன்னோம், வான் கால் காலத்திலும் இதைத்தான் சொன்னோம். பெயர் மட்டும்தான் மாறியது. ஆத்திரத்தைக் கொஞ்சம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, சேர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013இல் ஓய்வு பெற்ற பின் வந்தவர்களின் கணக்கை ஒழுங்காகப் பார்ப்போம். இடைக்காலமாக வந்து போனவர்களை இதில் சேர்க்கவில்லை.

- டேவிட் மொய்ஸ்: 51 ஆட்டம், 27 வெற்றி (52.9 வீதம்). ஒப்பந்தம் 6 வருடம், இருந்தது 10 மாதம்.
- லூயிஸ் வான் கால்: 103 ஆட்டம், 54 வெற்றி (52.4 வீதம்). 2016இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்றார், இரண்டு நாளில் பதவி போனது.
- ஜோசே மொரின்ஹோ: 144 ஆட்டம், 84 வெற்றி (58.3 வீதம்). 2017இல் லீக் கிண்ணமும் யூரோப்பா லீக்கும். அடுத்த பருவத்தில் 81 புள்ளியுடன் 2ஆம் இடம்.
- ஒலே குனார் சோல்ஷயர்: 168 ஆட்டம், 91 வெற்றி (54.2 வீதம்). ஒரு முறை 3ஆம் இடம், ஒரு முறை 2ஆம் இடம். கிண்ணம் எதுவுமில்லை.
- எரிக் டென் ஹாக்: 128 ஆட்டம், 70 வெற்றி (54.7 வீதம்). 2023இல் லீக் கிண்ணம், 2024இல் எஃப்.ஏ. கிண்ணம். ஆனால் 2023-24இல் லீக்கில் 8ஆம் இடம்.

அடுத்து வந்த ரூபன் அமோரிம் பருவத்தின் நடுவில் பொறுப்பேற்று, 27 லீக் ஆட்டங்களில் 7இல் மட்டுமே வென்றார். 2024-25 பருவம் 15ஆம் இடத்தில் முடிந்தது. 1974இல் தரமிறக்கப்பட்ட பின் கழகம் கண்ட மிக மோசமான இடம் அது.

முதல் ஐந்து பேரையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஸ்கொட்லாந்து, நெதர்லாந்து, போர்த்துக்கல், நோர்வே என்று வெவ்வேறு நாடு, வெவ்வேறு பாணி, வெவ்வேறு குணம். மொரின்ஹோவை விட்டால் மற்ற நால்வரும் 52க்கும் 55க்கும் இடையில்தான் நிற்கிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது பழக்கப்பட்ட கணக்கு. ஒரு பாடத்துக்கு ஐந்து பேர் மாறி மாறி வந்து கற்பித்தும் பெறுபேறு அதே இடத்தில் நின்றால், ஆறாவது ஆசிரியரைத் தேட முன் நேரசூசியையும் வகுப்பறையையும் நிருவாகத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

வெற்றி வீதம் மட்டும் முழு உண்மையைச் சொல்லாது என்பதும் இதில் தெரிகிறது. ஃபெர்குசன் 1500 ஆட்டங்களில் 895 வெற்றி, அதாவது 59.7 வீதம். மொரின்ஹோவுக்கும் அவருக்கும் இடையில் இரண்டு வீதம்கூட வித்தியாசமில்லை. ஆனால் ஃபெர்குசன் வென்ற லீக் பட்டங்கள் 13, மொரின்ஹோ இங்கே வென்றது பூச்சியம். ஃபெர்குசனின் கணக்குக்குள் அவரது கஷ்ட காலமும் இருக்கிறது. 1986 நவம்பரில் வந்தவருக்கு முதல் கிண்ணம் கிடைத்தது 1990 மே மாதத்தில். அந்தப் பருவத்தில் லீக்கில் 13ஆம் இடம். "போய் வா" என்று ரசிகர்கள் மைதானத்திலேயே பதாகை பிடித்தார்கள். நிருவாகம் அசையவில்லை. அவரும் அந்த வருடங்களைச் சும்மா கழிக்கவில்லை, இளையோர் அணியைக் கட்டியெழுப்பினார். அதன் அறுவடைதான் பின்னர் வந்தது.

2013இல் ஃபெர்குசன் மட்டும் போகவில்லை. பல வருடங்கள் நிருவாகத்தைக் கொண்டு நடத்திய டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். அதன் பின் உதைபந்தாட்டப் பணிப்பாளர் என்று ஒருவரைக் கழகம் நியமித்ததே 2021 மார்ச்சில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு முகாமையாளரும் தன் பாணிக்கு வீரர்களைக் கேட்டார், அடுத்தவர் வந்து அவர்களைத் தேவையில்லை என்றார். 2014இல் ஏறத்தாழ 60 மில்லியன் பவுணுக்கு வாங்கிய டி மரியா ஒரே வருடத்தில் விற்கப்பட்டார். 2016இல் 89 மில்லியன் பவுணுக்கு வாங்கிய போக்பா 2022இல் இலவசமாகப் போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே உரிமையாளர்கள். கிளேசர் குடும்பம் 2005இல் கடன்பட்டுக் கழகத்தை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. வட்டி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2024இல் சேர் ஜிம் ராட்க்ளிஃப் தரப்பு வந்த பிறகும் பழைய கதைதான். அந்த வருடம் ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீடித்தார்கள், ஒக்டோபரில் அனுப்பிவிட்டார்கள்.

இதனால் முகாமையாளர்கள் எல்லோரும் சுத்தம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஃபெர்குசனின் பயிற்சிக் குழுவை வந்தவுடனேயே மாற்றியது மொய்ஸின் முடிவு. அன்டனிக்கு 80 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்ததில் டென் ஹாக்கின் விருப்பமும் உண்டு. அவரவர் பிழைக்கு அவரவர் பொறுப்பு. மேலே இருப்பவர்களின் பிழையையும் அவர்கள் தலையிலேயே போடுவதுதான் அநியாயம். வெறுப்பு வந்தாலும் நீதி தவறக் கூடாது என்று சிறுவயதிலிருந்தே கற்ற சமூகம் நாம். தோற்ற அணியின் முகாமையாளரை அவரது தாய், பிள்ளைகள் வரை இழுத்து ஏசும் பதிவுகளை நமது பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

அவர்கள் அதைக் கற்றுக்கொண்டு நமது மைதானங்களுக்கும் கொண்டு வருகிறார்கள். ஊர்க் கழகம் ஒரு சுற்றுப்போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறினால், சம்பளம் வாங்காமல் பின்னேரங்களில் வந்து பயிற்சி கொடுத்த மனிதர்தான் குற்றவாளி. பயிற்சிக்கு மைதானம் கிடைத்ததா, போதிய பந்துகள் இருந்தனவா, 15 வயதுக்குட்பட்ட அணி ஒன்றாவது நம்மிடம் இருக்கிறதா என்று நிருவாக சபையிடம் யாரும் கேட்பதில்லை. பெறுபேறு குறைந்தால் அதிபரை மாற்றக் கோரும் போதும் இதே கதைதான்.

அடுத்த முறை யுனைடெட் தோற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதிவு போடுவோம். இவருக்கு முன் இருந்தவரின் கணக்கு என்ன? இந்த வீரர்களை வாங்கியது யார்? இவரைத் தெரிவு செய்தவர் இன்னும் கதிரையில் இருக்கிறாரா? நமது ஊர்க் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலும் இதே மூன்றையும் எழுந்து கேட்போம். அங்கே நமது கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்கிறது.