தூங்கியது டெஸ்ஸின் பிழையா?

ஆங்கில இலக்கியம் படித்த பெண்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே பழக்கம்: 'டெஸ் ஒரு துன்பியல் நாயகி – விவாதிக்க.' எம்.ஏ. படிக்கும்போது நானும் இதற்கு விடை எழுதியிருக்கிறேன். முதல் பத்தியில் அரிஸ்டாட்டில். இரண்டாவதில் ஹமார்ஷியா, அதாவது நாயகரை வீழ்த்தும் குறை. மூன்றாவதில் டெஸ்ஸின் குறைகளைப் பட்டியலிட வேண்டும்: எதிர்க்காத சுபாவம், வீண் தன்மானம், உண்மையைச் சொல்லத் தயக்கம், நேரங்கெட்ட தூக்கம். முடிவில் விதி. எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆசிரியரான பிறகு அதே குறிப்புகளைப் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "தூங்குறது தப்பா மேம்?" வகுப்பே சிரித்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஹமார்ஷியா என்பதன் வேர், எய்த அம்பு குறி தவறுவதைச் சொல்லும் கிரேக்க வினைச்சொல். அது குணக்கேட்டைக் குறிப்பதில்லை. தெரியாமல் நேரும் தவறைக் குறிக்கிறது. தான் கொன்றது தந்தையை என்று ஈடிபஸுக்குத் தெரியாது. அந்த அறியாமைதான் அவன் ஹமார்ஷியா. ஈ. ஆர். டாட்ஸ் 1966இல் ஈடிபஸ் நாடகம் பற்றி எழுதிய கட்டுரை, ஆக்ஸ்போர்டு மாணவர்களின் தேர்வு விடைகளைப் படித்து நொந்துபோவதில்தான் தொடங்குகிறது. அவர்களும் ஈடிபஸிடம் ஒரு குணக்குறையைத் தேடித் துருவியிருந்தார்கள். ஆக, இது நம் ஊர் நோட்ஸ் வியாபாரம் மட்டும் செய்த கோளாறு அல்ல.

ஆனாலும் அரிஸ்டாட்டிலை முழுதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. 'கவிதையியல்' நூலின் 13ஆம் அதிகாரத்தில், முற்றிலும் நல்லவரான ஒருவர் வீழ்வதைக் காட்டக்கூடாது என்கிறார் அவர். அது இரக்கத்தையோ அச்சத்தையோ எழுப்பாது, அருவருப்பைத்தான் தரும் என்பது அவர் வாதம். 15ஆம் அதிகாரத்தில் பெண்ணும் நல்லவளாக இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டு, உடனே அவள் தாழ்ந்தவள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்த இரண்டு விதிகளையும் டெஸ் மீது வைத்துப் பாருங்கள். அவள் குற்றமற்றவள் என்றால் அவள் கதை துன்பியல் ஆகாது. துன்பியல் ஆகவேண்டும் என்றால் அவளிடம் ஒரு குற்றம் கண்டுபிடித்தாக வேண்டும். அவளுக்கு இலக்கிய மரியாதை கொடுக்க வருபவர்கள் அதற்கு விலையாகக் கேட்பது அவளுடைய குற்ற ஒப்புதலை.

வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் காவல் நிலையத்தில் கேட்கும் கேள்விகளும் இதே வரிசையில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்? ஏன் கத்தவில்லை? ஏன் முன்பே சொல்லவில்லை? 'ஹமார்ஷியா' என்ற பெயரில் வகுப்பறை அதே விசாரணையை நடத்துகிறது.

அந்தத் தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தாமஸ் ஹார்டியின் நாவலில் டெஸ் முக்கியமான மூன்று இடங்களில் தூங்குகிறாள். முதல் தடவை வண்டியில். தேன்கூடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியவர் அவள் அப்பா. அவர் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் நள்ளிரவில் அந்தச் சிறுமி கிளம்புகிறாள். கண்ணயர்ந்த நேரத்தில் எதிரே வந்த தபால் வண்டி மோதிக் குடும்பத்தின் ஒரே குதிரை சாகிறது. பழி அவள் தலையில் விழுகிறது. அந்தக் குற்ற உணர்வைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அவளைப் பணக்கார 'உறவினர்' வீட்டுக்கு அனுப்புகிறாள். இரண்டாம் தடவை காட்டில், அலெக்கின் கையெட்டும் தூரத்தில். அந்த வாரம் முழுக்க அவள் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்தவள், பகல் முழுதும் நின்றபடி உழைத்தவள், அன்று மாலை மூன்று மைல் நடந்தவள் என்று ஹார்டி கணக்குச் சொல்கிறார். நம் நோட்ஸில் அந்தக் கணக்கு வருவதே இல்லை. அங்கே நடந்தது வன்முறையா, மயக்கி இணங்கவைத்ததா என்று விமர்சகர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். தூங்குகிறவளிடம் சம்மதம் ஏது?

வீடு திரும்பிய டெஸ், ஆண்களால் ஆபத்து உண்டு என்று ஏன் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று அம்மாவிடம் கேட்கிறாள். வசதியான வீட்டுப் பெண்கள் நாவல் படித்து அதைத் தெரிந்துகொள்கிறார்கள், எனக்கு அந்த வாய்ப்பும் இல்லையே என்கிறாள். அறியாமைதான் ஹமார்ஷியா என்றால் அந்த அறியாமையை அவளுக்குக் கொடுத்தது யார் என்பதுதானே அடுத்த கேள்வி? அதை நாம் கேட்பதில்லை.

அடுத்தது விதி. திருமணத்துக்கு முன் டெஸ் ஏஞ்சலுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கதவடியில் தள்ளுகிறாள். கடிதம் கம்பளத்துக்கு அடியில் போய் மறைந்துவிடுகிறது. கிரேக்க விதியின் கை என்று இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் திருமண இரவில் என்ன நடக்கிறது? ஏஞ்சல் லண்டனில் ஒரு பெண்ணோடு இரண்டு நாள் கழித்ததைத் தானே சொல்கிறான். டெஸ் உடனே மன்னிக்கிறாள். பிறகு அவள் தன் கதையைச் சொல்ல, தான் காதலித்தவள் வேறு ஒருத்தி என்று அவன் விலகிப் போகிறான். கடிதம் கையில் கிடைத்திருந்தால் இதையேதான் சில நாள் முன்பாகச் செய்திருப்பான். அவன் மனத்தில் இருந்த அந்த இரட்டை அளவுகோல் நாட்டின் சட்டத்திலும் இருந்தது. இங்கிலாந்தின் 1857 விவாகரத்துச் சட்டப்படி மனைவியின் பிறன்உறவு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவி விவாகரத்து கேட்டால் அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். 1923 வரை அதுதான் நிலைமை. அதை எழுதியது நாடாளுமன்றம். ஒலிம்பஸில் இருந்து யாரும் இறங்கி வரவில்லை.

டெஸ் மறுபடி அலெக்கிடம் போனதும் ஊழ் என்பார்கள். அவள் அப்பாவின் ஆயுள் வரைக்கும்தான் அந்த வீட்டின் மீது குடும்பத்துக்கு உரிமை. அவர் இறந்ததும் அம்மாவும் தம்பி தங்கைகளும் கட்டில் சாமான்களோடு தெருவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கூரை தரும் வசதி அலெக்கிடம் இருக்கிறது. இதற்குச் சொத்துடைமை என்று பெயர் இருக்கும்போது விதி என்ற சொல் எதற்கு?

ஹார்டியே ஈஸ்கிலஸை அழைத்தாரே என்று கேட்பீர்கள். உண்மைதான். கடைசிப் பத்தியில், டெஸ்ஸை வைத்து ஆடிய விளையாட்டைத் தேவர்களின் தலைவன் முடித்துக்கொண்டதாக எழுதுகிறார். அதே இடத்தில் 'நீதி' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறார். அந்தக் குறியை நாம் படிக்காமல் தாண்டுகிறோம். 1856 ஆகஸ்ட் 9 அன்று டார்செஸ்டரில் மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைப் பொதுமக்கள் முன் தூக்கிலிட்டார்கள். தன்னை அடித்த கணவனைக் கொன்றவள் அவள். கூட்டத்தில் நின்று அதைப் பார்த்த ஹார்டிக்கு அப்போது வயது 16. அந்தக் காட்சி முதுமை வரை அவரை விடவில்லை. தூக்குமேடையில் கயிறு மாட்டுகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும் கடைசிப் பத்தியில் வானத்தைக் கைகாட்டினார். அங்கே அவர் சறுக்கினார் என்றே நினைக்கிறேன். விமர்சகர்கள் அந்தச் சறுக்கலைப் பிடித்துக்கொண்டு, முந்தைய பக்கங்களில் அவர் பெயர் சொல்லிக் காட்டிய எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள்.

கிரேக்கர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யூரிப்பிடிஸின் 'இயோன்' நாடகத்தைப் படியுங்கள். கிரெயூசா பூப்பறிக்கப் போன சிறுபெண். அப்போலோ தேவன் அவளைக் குகைக்குள் இழுத்துப் போகிறான். பிறந்த குழந்தையை அவள் யாருக்கும் தெரியாமல் அங்கேயே விட்டுவிட்டு வருகிறாள். பல வருடம் கழித்து அப்போலோவின் கோயில் வாசலிலேயே நின்று, அவன் பெயரைச் சொல்லி, உரத்த குரலில் குற்றம்சாட்டுகிறாள். அப்போதும் அவளிடம் என்ன குறை என்று நாடகம் தேடுவதில்லை. முடிவில் அப்போலோ நேரில் வரவில்லை. பழிச்சொல் கேட்க நேரும் என்று அதீனாவை அனுப்பிவிடுகிறான். அங்கேயும் கடைசியில் கணவனிடம் உண்மையை மறைக்கச் சொல்கிறார்கள்தான். ஆனாலும் வெட்கப்பட வேண்டியவன் யார் என்பதில் யூரிப்பிடிஸுக்குக் குழப்பமே இல்லை. டெஸ்ஸின் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கிரெயூசா இருக்கும்போது, நம் பாடத்திட்டங்கள் அரிஸ்டாட்டிலின் அளவுகோலை மட்டும் எடுத்து நீட்டுகின்றன.

டெஸ்ஸின் மூன்றாம் தூக்கம் ஸ்டோன்ஹெஞ்சில், பலிபீடம் போன்ற கல்லின் மேல். அலெக்கைக் கொன்றவளைக் கைதுசெய்யக் காவலர்கள் சுற்றி நிற்கிறார்கள். அவள் தூங்கி எழும்வரை பொறுங்கள் என்று ஏஞ்சல் கேட்க, அவர்கள் காத்திருக்கிறார்கள். நாவல் முழுக்க அவள் தூக்கத்தை யாராவது மதித்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு அவளைத் தூக்கிலிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் வகுப்பில் கேள்வியை மாற்றித்தான் கொடுக்கிறேன். டெஸ்ஸின் பிழை என்ன என்று கேட்பதில்லை. அவளுக்கு யார் யார் என்ன செய்தார்கள், அதற்கு எந்தச் சட்டமும் எந்த வழக்கமும் துணைநின்றன என்று பட்டியலிடச் சொல்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் பழைய கேள்விதான் வரும் என்று மாணவிகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தாளில் ஹமார்ஷியா பற்றிக் கேட்டிருந்தால், டெஸ்ஸிடம் அது இல்லை என்று எழுதுங்கள். காரணங்களை மேலே கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள்.

அன்று கேட்ட மாணவிக்கு: தூங்குவது தப்பில்லை, பெண்ணே. அதை அன்றே சொல்லாதது என் தப்பு.