சிற்றறை ஒலிபரப்பும் கேட்போர் உரிமையும்

நம் மாணவரிற் பலர் பௌதிக ஆய்வுக்கூடத்தில் மின்னோட்டமும் அலையியக்கமும் கற்கின்றனர். கற்றதைக் கையாற் செய்து பார்க்க வேண்டுமென்னும் வேட்கை அவருட் சிலர்க்கு எழுவது இயல்பே. "விடுதி அறையிலேயே சிறியதோர் ஒலிபரப்பி அமைத்தால் என்ன? இரண்டு டிரான்ஸிஸ்டர், ஒரு சுருள், நாலு முழக் கம்பி இவை போதுமே. அடுத்த அறைக்குக் கேட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவர் என்னை வினவினார். அன்று நான் இறுத்த விடை மிகச் சுருங்கியது. அதனை விரித்துரைக்க இம்மலர் இடந்தருகின்றது.

என் கருத்து இதுவாகும். ஒலிபரப்பி அமைக்கும் கலையை மாணவர் கற்கவே வேண்டும். கல்லூரியே முன்னின்று அதனைக் கற்பிக்கவும் வேண்டும். ஆயின் அக்கலையின் முதற்பாடம், நாம் பேசுவது எப்படி என்பதன்று. பிறர் கேட்பதைக் கெடுக்காதிருப்பது எப்படி என்பதேயாம்.

தமிழ்நாட்டில் வானொலி பிறந்ததே ஆர்வலர் சிலரின் முயற்சியால் என்பதை முதற்கண் நினைவுகூர்வோம். 1924-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' தோன்றியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் அதன் தூணாய் நின்றார். அவ்வாண்டு ஜூலை 31-இல் அச்சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதன் கருவியின் ஆற்றல் 40 வாட். ஒரு சிறு மின்விளக்கு உண்ணும் அளவே. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. பின்னர் அக்கருவியைச் சென்னை நகராண்மைக் கழகம் ஏற்று, 1930 முதல் நகர மக்களுக்காக ஒலிபரப்பு நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. ஆகவே சிறு கருவியை எள்ளுதல் தகாது. ஆயினும் அப்பெரியோர் அரசினரின் இசைவு பெற்றே பேசினர் என்பதையும் மறத்தலாகாது.

இனி என் சொந்த அநுபவம் ஒன்று கூறுவேன். நான் மாணவனாய்ச் சிதம்பரத்தில் ஒரு தெருவீட்டின் மாடியறையில் தங்கியிருந்த காலம் அது. மத்திய அலையில் ஒலிக்கும் சிறு கருவியொன்றை நானே அமைத்தேன். 608 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் அருகில் எந்த நிலையமும் கேட்கவில்லை, அதனையே தேர்ந்தேன். கம்பியைச் சுவரோரமாக நீட்டினேன். அறைத்தோழரின் பெட்டியில் என் குரல் மெலிதாய்க் கேட்டது. சுருளைத் திருத்தும் பொறுமை இல்லாமையால் ஆற்றலைக் கூட்டினேன். குரல் வலுத்தது, நானும் இறுமாந்தேன். தொடர்ந்து நான்கு மாலைப்பொழுது பேசியும் பாடியும் களித்தேன்.

ஐந்தாம் நாள் அடுத்த வீட்டுப் பெரியவர் மாடியேறி வந்தார். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கியிருந்தவர். அவர்தம் மக்கள் இருவரும் கடலிற் படகு செலுத்துவோர். "தம்பி, நீங்கள் ரேடியோ படித்தவராமே. என் பெட்டியைக் கொஞ்சம் பார்க்க வேணும். நாலு நாளாய்ப் பாண்டிச்சேரி வைத்தால் விசில் அடிக்கிறது. கடல் சேதி ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் போயிருக்கிறார்கள்" என்றார்.

அவர் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை என் அறையில் இருந்தது. புதுவை நிலையம் அந்நாளில் ஒலித்த அலைவெண் 1215. என் 608-ஐ இரட்டித்தால் 1216. இரண்டிற்கும் இடையேயுள்ள ஒரு கிலோஹெர்ட்ஸ் வேற்றுமையே பெரியவரின் செவியில் சீழ்க்கையாய்ப் பாய்ந்தது. அவர்தம் மக்கள் நலமாகவே கரையேறினர். அதற்கு நான் செய்த புண்ணியம் யாதொன்றும் இல்லை. "பிழை என்னுடையது ஐயா" என்று உரைத்துக் கருவியைக் கழற்றி வைத்தேன். அவர் சினந்திலர். "சரி, இன்றைக்குக் கேட்கும் அல்லவா?" என்றுமட்டும் கேட்டார். அவ்வினா இன்றும் என் நெஞ்சில் உளது.

இப்பிழை நேர்ந்தது ஏன் என்பதை மாணவர் நுணுகி அறிதல் வேண்டும். 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். நன்கு ஒலிபரப்பத் தக்க கால்பங்குக் கம்பியின் உயரம் 75 மீட்டர். தில்லைக் கோபுரத்தினும் ஓங்கியது. அறையினுள் நாம் நிறுத்தக்கூடியதோ மூன்று மீட்டர். அவ்வளவு குறுகிய கம்பி ஓர் ஒலிபரப்புக் கம்பியாய் இயங்காது, ஒரு சிறு மின்தேக்கியாகவே நடந்துகொள்ளும். அதன் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமின் இருபதில் ஒரு பங்கும் இராது. சுருளிலும் நிலத்தொடர்பிலும் இருபது ஓம் இழப்பு உண்டென்று கொண்டால், ஊட்டும் ஆற்றலில் ஆயிரத்தில் இரண்டு பங்கே வெளியேறும். எஞ்சியது வெப்பமாய்க் கழியும்.

எனவே அறிவுடையோன் ஆற்றலைப் பெருக்க முயலான், ஒத்திசைவையே நாடுவான். கம்பியின் அடியில் தக்க சுருளைச் சேர்த்து, ஒவ்வொரு சுற்றாய்க் கூட்டியும் குறைத்தும், சற்றுத் தொலைவில் வைத்த அளவியின் முள் உச்சம் ஏறும் இடத்தைக் காண்பான். கையை அருகே கொண்டு சென்றாலே அவ்விடம் பெயர்ந்துவிடுமாதலின், பின்வாங்கி நின்றே அளவிடுவான். நல்ல நிலத்தொடர்பு கொடுப்பான். குரலின் பண்பேற்றம் நூற்றுக்கு நூறை மீறாது காப்பான். மீறினால் ஊர்தி அலை இடையிடையே அறுபட்டு, அக்கம்பக்கத்து அலைவெண்களிலும் இரைச்சல் சிதறும். இரட்டித்த அலையும் மும்மடங்கு அலையும் கம்பியை அடையாவண்ணம் வடிப்பான் ஒன்றை இடையே அமைப்பான். நான் இவற்றுள் ஒன்றும் செய்திலேன். அடிப்படை அலைக்கு மிகக் குறுகியதாயிருந்த அதே கம்பி, இரட்டித்த அலைக்கு இருமடங்கு பொருந்தி, நான்குமடங்கு கதிர்வீச்சுத் தடையைப் பெற்றது. போதாக்குறைக்குச் சுவரோரம் ஓடிய மின்சாரக் கம்பிகள் அதனை அடுத்த வீட்டிற்குச் சுமந்து சென்றன. நான் விரும்பிய குரல் நலிந்தது. விரும்பாத சீழ்க்கை வலுத்தது.

"சட்டம் இளைஞரின் ஆராய்ச்சி வேட்கையை அடக்குகின்றது" என்பார் உளர். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அயலாட்சியில் எழுந்தவை என்பது மெய்யே. அவற்றின் இடத்தைக் கொள்ள 2023-இல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமோ நம்மவர் மன்றில் எழுந்தது. உரிமமின்றி ஒலிபரப்பலாகாது என்னும் நெறியை அதுவும் கைவிடவில்லை. அலைவெளி எல்லார்க்கும் பொதுவான ஊருணி. ஒருவன் தன் வீட்டுக் குளியலுக்காக அதனைக் கலக்கலாகாது. அன்றியும், கற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கம்பிக்கு மாறாக ஐம்பது ஓம் தடையொன்றைக் கருவியில் இணைத்தால், ஆற்றல் பெரும்பாலும் அதனுள்ளேயே வெப்பமாய் அடங்கும்; பண்பேற்றமும் வடிப்பானும் அலையின் தூய்மையும் அம்முறையிற் கற்கலாம். வெளியே பேச விழைவோர் அரசினர் நடத்தும் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம்.

"கைப்பேசி மலிந்த இந்நாளில் இது வீண்வேலை அன்றோ?" என்பார்க்குக் கடலூர் மாவட்டமே விடை கூறும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அன்று அந்தமானில், ஹாம் நிலையம் நடத்தச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும், பிற தொடர்புகள் அற்றநிலையில் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பி உதவினர். 2011 டிசம்பர் 30 வைகறையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திலோ கடலூரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் பேரிடர் வானொலி ஒன்று தற்காலிகமாய் எழுந்தது. அது பண்பலை, நான் கூறிய மத்திய அலை அன்று. ஆயினும் சிறிய ஒலிபரப்பியைக் குறுகிய காலத்தில் நிறுவி, உரிய இசைவோடு ஊரார்க்கு உதவலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று அது. வேண்டுவது கருவிமட்டுமன்று, அதனை நள்ளிரவிலும் பதற்றமின்றி இசைக்கவல்ல கைகளும் ஆகும். அக்கைகள் வெள்ளம் வந்தபின் பழக்கத்தக்கன அல்ல.

ஆதலின் மூன்று செய்திகளைக் கல்லூரியாரின் முன் வைக்கின்றேன். முதலாவது, பௌதிகத் துறையின் மேற்பார்வையில் வானொலிச் சங்கம் ஒன்று அமைத்து, தடை பூட்டிய கருவியில் மாணவரைப் பழக்குதல். இரண்டாவது, ஆண்டுதோறும் சிலரையேனும் ஹாம் தேர்வுக்கு அனுப்புதல். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்ச் செப்டம்பரில் ஓரிரவு, மின்சாரமின்றி மின்கலத்தைமட்டுமே கொண்டு, உரிமம் பெற்றோர் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே செய்தி பரிமாறிப் பழகுதல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. பழைய மாணவர் தம்மிடம் முடங்கிக் கிடக்கும் அளவிகளையும் பெட்டிகளையும் அளித்தாலே தொடக்கத்திற்குப் போதும்.

வினவிய மாணவ நண்பருக்கு ஒரு சொல். சங்கம் அமைந்தால் தாங்களே முதல் உறுப்பினராக வேண்டுகின்றேன். கருவியை உயிர்ப்பிக்குமுன் மறவாது ஒரு பெட்டியை எடுத்துச் சென்று, அடுத்த வீட்டில் என்ன கேட்கின்றது என்று பார்த்து வருக. அங்கே ஒரு பெரியவர் கடற்செய்திக்காகச் செவிசாய்த்திருக்கவும் கூடும்.