குடிசை யாருக்கு அழகு?

“ஓலைக் கூரையும் மண்சுவரும் எவ்வளவு குளிர்ச்சி! காங்கிரீட் வந்து கெடுத்தது” என்று மாடிவீட்டுக் கனவான்கள் அங்கலாய்க்கிறார்கள். ஓலை எப்படி எரியுமென்று கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் கொளுத்தப்பட்டார்கள்.

காங்கிரீட் வீடு கேட்பது ஆடம்பரமல்ல, தோழர்களே! ஆனால் சர்க்கார் தரும் வீட்டில் சித்திரை மாதம் தளம் இரவெல்லாம் அனல் கக்குகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தால் படுக்கத் திண்ணையுமில்லை.

கேரளத்தில் லாரி பேக்கர் செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். செங்கல் கால்பங்கு மிச்சம்; வெயிலும் எளிதில் உள்ளே இறங்காது. 1985இல் தோழர் அச்சுத மேனனும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, மலிவான நல்ல வீடுகளுக்காகவே ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள்.

அடுத்த கிராமசபையில் கேளுங்கள்: குடியிருக்கப் போகிற எங்களிடம் வீட்டின் படத்தைக் காட்டாமல் அஸ்திவாரம் எதற்கு?