ஆதாரத்தைக் காட்டிவிட்டு அபராதம் கேளுங்கள்



சிக்னலை மீறியதாக எங்கள் தெரு ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு அபராதக் குறுஞ்செய்தி வந்தது. வண்டி எண், சலான் எண், தொகை, ஓர் இணைப்பு. எல்லாம் ஆங்கிலத்தில். எந்தச் சிக்னல், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. 'ஆர்டிஓ சலான்' என்று வாட்ஸ்அப்பில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால், இணைப்பைத் தொடவே பயந்தார்.

அவருடைய மகள் அரசுத் தளத்தில் தேடி எடுத்த படத்தை நானும் பார்த்தேன். இரவில் பின்னாலிருந்து எடுத்த படம். நம்பர் பிளேட்டின் கடைசி எண் 3ஆ, 8ஆ என்று சொல்ல முடியவில்லை. சிக்னல் கம்பமே படத்தில் விழவில்லை. பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்பதற்கு என்ன அத்தாட்சி? வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுக்கப் போன இடத்தில் நிலுவையைக் கட்டிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். ஓட்டம் கெட்டுவிடுமே என்று கட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய பணம் அல்ல அது.

கேமரா மூலம் விதிக்கும் அபராதத்துக்கென்றே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ விதியைச் சேர்த்தார்கள். குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கேமராக் கருவி பதிவுசெய்த அளவு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சாட்சியச் சட்டச் சான்று, இத்தனையும் சலானில் இருக்க வேண்டும் என்கிறது அது. கருவிக்கும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு போக வேண்டும்.

இந்த 15 நாள் கெடுவை அதிகாரிகள் வெறும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. மறுநாளே தெரிந்தால், 'அந்த நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் சவாரிக்காக நின்றேன்' என்று சொல்ல ஓட்டுநருக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துக் கடை கேமராவிலும் பதிவு அழியாமல் இருக்கும். பல மாதம் கழித்து நிலுவையாகத் தலைகாட்டும் சலானுக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்?

தலைக்கவசம் போடாதவரையும் சிவப்பு விளக்கில் சீறிப் பாய்பவரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நியாயமாகப் பிடிபட்டவர் கட்டட்டும். ஆனால் படத்தை அரசுத் தளத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்வது, குற்றம் சாட்டுகிறவர் செய்ய வேண்டிய வேலையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் கட்டுவதாகும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு அந்த வழியும் கிடையாது.

ஆகவே, சலானைத் தமிழில் கொடுங்கள். 1956இலேயே ஆட்சிமொழிச் சட்டம் போட்ட மாநிலம் இது. மறுப்புச் சொல்ல வேண்டுமானால் யாரிடம், எந்த முகவரியில், எத்தனை நாட்களுக்குள் என்பதை அபராதத் தொகைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியாத படத்தை வைத்துப் போட்ட சலானைத் துறையே ரத்து செய்ய வேண்டும். மறுப்பு விசாரணையில் இருக்கும்வரை, அந்தச் சலானைக் காட்டி யாருடைய எஃப்.சி.யையும் நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை