தெருவைத் தோண்டும்போது ஒரு குழாய்

நம் நாட்டில் ஒரு தெருவுக்கு ஆயுள் மிகவும் சொற்பம். இன்று தார் போட்டால், அடுத்த மாதம் குடிதண்ணீர்க் குழாய்க்காக அதை வெட்டுவார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் சாக்கடைக்காக வெட்டுவார்கள். அப்புறம் மின்சாரக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் டெலிபோன் கம்பெனிக்காரர்கள். எல்லோரும் கடப்பாறையும் கையுமாக வருகிறார்கள். ஒருவர் வந்து போனது இன்னொருவருக்குத் தெரிவதில்லை!

இந்த வாரம் வாசகர்களிடம் ஒரு யோசனை சொல்லப் போகிறேன். எப்படியும் தோண்டத்தான் போகிறோம். பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு வெற்று பிளாஸ்டிக் குழாயையும் உள்ளே போட்டு மூடினால் என்ன?

"வெற்றுக் குழாயில் என்ன வரும், காற்றா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். காற்றுக்குப் பதில் இண்டர்நெட் வரும்! தலைமயிர் அளவே உள்ள கண்ணாடி இழைக்குள்ளே வெளிச்சமாக ஓடி வருகிறது இந்தக் காலத்துச் செய்தி. பிராட்பேண்டு என்று சொல்கிறோமே, அதற்கு இதைவிடச் சிறந்த பாதை கிடையாது. இதில் பெருஞ்செலவு இழைக்கு ஆவதில்லை. மண்ணைத் தோண்டுவதற்கும் மூடுவதற்கும்தான் ஆகிறது. பள்ளமும் குழாயும் ஏற்கெனவே இருந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

உதாரணத்துக்கு ஆறுமுகநேரியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போனவர்களுக்கு இந்த ஊர் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். சுற்றிலும் உப்பளங்கள், அடுத்த ஸ்டேஷன் காயல்பட்டினம், அதற்கப்பால் கடல். இங்கே வீசும் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், செம்பு களிம்பேறும். கண்ணாடிக்கு அந்தப் பயம் இல்லை. உப்பள ஊருக்கென்றே செய்த சரக்கு மாதிரி இருக்கிறது!

"அதுதான் ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே, இழை எதற்கு?" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. கரண்டு போயிற்று. கைபேசிக் கோபுரத்துக்கும் கரண்டு வேண்டுமல்லவா? பேட்டரி தீர்ந்ததும் கோபுரம் ஊமையாகிவிடும். அந்த நாட்களில் பல ஊர்களில் கையிலிருந்த கைபேசி, மணி பார்க்க மட்டுமே உதவிற்று.

மண்ணுக்கடியில் ஓர் இழையும், அது வந்து சேரும் பொதுக் கட்டடத்தில் நல்ல பேட்டரியும் இருந்தால், ஊருக்கு ஒரு வாசலாவது திறந்திருக்கும்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுபோக மத்திய சர்க்கார் 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. 2015-ல் அதற்கு 'பாரத்நெட்' என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பதற்கென்று 2018-ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. நல்ல காரியம். ஆனால் இந்தக் கணக்கு ஊராட்சிகளின் கணக்கு. ஆறுமுகநேரியோ பேரூராட்சி! கிராமத்துப் பந்தியில் இலை இல்லை. பட்டணத்துப் பந்தியிலோ பெரிய ஊர்களுக்குத்தான் முதல் இலை. இப்படி நடுவே நிற்கும் பேரூராட்சிகள் நம் மாநிலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவை தாமாகக் கையை நீட்டினால்தான் உண்டு.

பேரூராட்சி என்ன செய்ய முடியும்? டெலிபோன் கம்பெனி நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் கையில் இரண்டு ஆஸ்திகள் இருக்கின்றன: தெரு ஒன்று, கட்டடம் ஒன்று.

முதலில் தெரு. ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோம் இதில் நமக்கு வழிகாட்டி. அந்த நகரசபை 1994-ல் ஸ்டோகாப் என்று சொந்தமாக ஒரு கம்பெனி ஏற்படுத்தி, ஊர் முழுவதும் இழையைப் புதைத்தது. பிறகு, "யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது. பல கம்பெனிகள் வந்தன, போட்டி வளர்ந்தது, கம்பெனிக்குக் கம்பெனி தெருவைத் தோண்டவும் வேண்டியதில்லை. நம் ஊர் அந்த அளவுக்குப் போக வேண்டாம். தன் தெருவில் தோண்டும்போதெல்லாம் ஒரு குழாய், அது எங்கே கிடக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம், கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே வாடகை - இவை போதும். வரைபடம் அவசியம். கடப்பாறை, இழை என்று பார்த்தா இறங்குகிறது? இதற்காகவே, தோண்டுமுன் தகவல் சொல்லும் ஒரு செயலியை மத்திய சர்க்கார் 2023 மார்ச்சில் கொண்டுவந்தது.

அடுத்தது கட்டடம். "ஸ்வீடன் பணக்கார தேசம்" என்று தள்ளிவிடுகிறவர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையைக் காட்டுகிறேன். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்குள்ள கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. இடம் கொடுப்பது ஊரார் பொறுப்பு. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இண்டர்நெட்டில் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டு எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தில் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. ஏறக்குறைய 3,600 பேர் தப்பினார்கள்.

சேதி வந்தது டெலிபோனில்தான். ஆனால் வந்த சேதியை ஊர் முழுவதும் கேட்கச் செய்தது, ஊருக்குப் பொதுவாக இருந்த அந்த அறை. ஆறுமுகநேரியிலும் அப்படி ஓர் அறை இருந்தால், மழைக்காலத்தில் எச்சரிக்கை வரும். மற்ற நாட்களில் உப்பளத் தொழிலாளி நலவாரியத்தில் பதிவு செய்துகொள்வார். காலேஜுக்கு விண்ணப்பிக்கும் பெண் காசில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள்.

ஆகையால், வாசகர்களே, உங்கள் தெருவுக்குக் கடப்பாறை வரும்போது வீட்டுக்குள்ளிருந்து திட்டிக்கொண்டிராதீர்கள். வார்டு மெம்பரைப் பார்த்து, "அண்ணாச்சி, பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு குழாய் போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அது கேள்வி. நூறு பேர் கேட்டால் அது தீர்மானம்!