ஃபீலிக்ஸ் என்றால் ஸயீத்: பயந்து வைக்கிற பேர் பற்றி ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. பேர் வைக்கக் காத்திருக்கிற வாப்பா உம்மாமார் கடைசி வரை வாசியுங்கள்.

கடந்த கிழமை எங்கள் ஊரில் ஓர் ஆண் குழந்தைக்கு ஏழாம் நாள் அகீகா. வைத்த பேர் ஃபீலிக்ஸ். பின்னேரம் ஆகுமுன் அந்தப் பேர் ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுமங்களிலும் சுற்றிவிட்டது. "ஞானஸ்நானம் எப்ப?" என்று ஒருவர் பகிடி விட்டார். "ஹராம்" என்று இன்னொருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். பிள்ளை பெற்று ஏழு நாளான அந்தத் தாய் இதையெல்லாம் தன் போனில் வாசித்திருக்கிறார். முதலில் நாம் இதற்கு வெட்கப்பட வேண்டும்.

தீர்ப்பு எழுதியவர்களுக்கு ஒரு கேள்வி. லத்தீன் மொழிப் பேர் என்பதாலேயே ஹராம் ஆகிவிடுமா? நம்மில் எத்தனை வீட்டில் கைஸர் இருக்கிறார்? அது 'சீசர்' என்ற ரோமப் பேர்தான். கிரேக்கம் வழியாக அரபிக்கு வந்தது. ஆலு இம்ரான் சூராவின் 75ஆம் வசனத்தில் வருகிற 'தீனார்' கூட ரோமரின் 'டெனாரியஸ்' நாணயத்தின் பேர்தான். மிஸ்ரிலிருந்து வந்த மாரியா (ரலி) அவர்களின் பேரை நபி (ஸல்) அவர்கள் மாற்றவில்லை.

நபியவர்கள் பார்த்தது கருத்தை. 'மாறு செய்பவள்' என்ற பொருளில் ஆஸியா என்று பேர் கொண்ட பெண்ணுக்கு ஜமீலா என்று மாற்றி வைத்தார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியின் பேர் வேறு, அரபியில் எழுத்தே வேறு.) 'கரடுமுரடு' என்று பொருள்படும் ஹஸ்ன் என்பவரிடம், ஸஹ்ல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாப்பா வைத்த பேரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடுமை எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று அவருடைய பேரன் ஸயீத் இப்னுல் முஸய்யப் பிறகு சொன்னார். புகாரியில் இருக்கிறது.

அதே அளவுகோலைப் பிடியுங்கள். லியோ என்றால் சிங்கம், நம்முடைய அஸத். விக்டர் என்றால் வென்றவர். ஃபீலிக்ஸ் என்றால் மகிழ்ச்சியும் பாக்கியமும் உள்ளவர், அதாவது ஸயீத். கருத்தில் ஒரு குறையும் இல்லை. மார்ட்டின், மார்க்கஸ் என்பவை வேறு கதை. அவை மார்ஸ் என்ற ரோமரின் போர்த் தெய்வத்தோடு ஒட்டியவை. அவற்றை விட்டுவிட வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லாமல் மொத்தமாக 'ஹராம்' என்று எழுதுவது மார்க்கம் அறிந்தவர் செய்கிற வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரம் ஒன்று இடாப்பு எழுதும்போது ஆசிரியர்களாகிய நாங்கள் பேருக்குக் கருத்துக் கேட்போம். "நெட்டில பார்த்தம் சேர், வடிவா இருந்திச்சு" என்பார்கள். வாப்பாவின் பேரில் பாதி, உம்மாவின் பேரில் பாதி ஒட்டிய பேர்கள் வரும். அரபு போல ஒலிக்கும், எந்த அரபு அகராதியிலும் இராத பேர்கள் வரும். அவற்றுக்கு யாரும் ஹராம் சொல்வதில்லை. அரபுச் சத்தம் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம்.

சரி, ஃபீலிக்ஸின் வாப்பாவிடம் வருவோம்.

பார்க்கப் போனோம். ஏதோ நாகரிகத்துக்கு வைத்திருப்பார் என்றுதான் நினைத்தோம். அவர் சொன்னது வேறு. 2019 மே மாதம் பஸ்ஸில் போகும்போது ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவரை மட்டும் இறக்கினார்களாம். பஸ் போய்விட்டது. பின்னேரம் வரை வெயிலில் நின்றாராம். "என்ட மகன்ட பேரைப் பார்த்து ஒருத்தன்ட முகமும் மாறக் கூடாது சேர். அவ்வளவுதான்" என்றார்.

அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இப்போது சொல்கிறோம்.

தம்பி, உங்கள் பயம் பொய் இல்லை. 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மினுவாங்கொடை, அதற்குப் பிறகு கொரோனாவில் நம் மையித்துகளை எரித்தது. இதையெல்லாம் கண்டவர்கள் நாங்களும். ஆனால் இந்தப் பேர் உங்கள் மகனை மறைக்காது. நம் வழக்கப்படி வாப்பாவின் பேர்தான் முன்னால் நிற்கும். ஃபீலிக்ஸுக்கு முன்னால் அடையாள அட்டையில் முஹம்மத் நிற்கும். பாடசாலை வாசலில் பர்தாவோடு உம்மா நிற்பார். வெறுக்க நினைத்தவன் பேரோடு நிறுத்துவதுமில்லை. 1983 ஜூலையில் கிறிஸ்தவப் பேர் வைத்திருந்த தமிழரையும் அந்தப் பேர் காப்பாற்றவில்லை.

இன்னும் கசப்பான ஒன்று. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையில் குண்டு வெடித்தது புனித அந்தோனியார் தேவாலயத்தில். அந்தோனி என்பதும் லத்தீன் பேர்தான். அப்படிப் பேர் கொண்ட மக்கள்தான் அன்று செத்தார்கள். கொன்றவர்களிடம் இருந்தவை நம்முடைய அரபுப் பேர்கள். ஆகவே அரபுப் பேர் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று நாமும் பெருமை பேச முடியாது. லத்தீன் பேர் ஒருவனைக் காப்பாற்றும் என்று நீங்களும் நம்ப முடியாது.

நம் முன்னோரையும் நினைத்துப் பாருங்கள். இந்தத் தீவின் கரையோரத்துக்கு லத்தீன் வேர் கொண்ட பேர்களைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். சில்வா என்பது லத்தீனில் காடு. அதே போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. வீட்டையும் கடையையும் விட்டு வந்தவர்கள் தங்கள் பேரை விடவில்லை. சில்வாவும் பெரேராவும் நம் அயலவர்கள். அவர்களின் பேர் அவர்களுக்குக் கண்ணியம். அதை நாம் ஒளிந்துகொள்ளும் திரையாக்குவது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

எங்கள் வகுப்பில் 'எனது பெயர்' என்று ஒரு செயற்பாடு செய்வோம். யார் வைத்த பேர், என்ன கருத்து என்று பிள்ளை எழும்பிச் சொல்ல வேண்டும். "மூத்தவாப்பாட பேர் சேர்" என்று ஒரு பிள்ளை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். உங்கள் மகன் என்ன சொல்லப் போகிறான்? கருத்துப் பிடித்து, தெரிந்து வைத்திருந்தால் ஃபீலிக்ஸ் என்றே இருக்கட்டும். உங்களைப் பகிடி பண்ண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பயத்தில்தான் வைத்தீர்கள் என்றால், பதிவாளரிடம் போகுமுன் இன்னொரு தடவை யோசியுங்கள். அதே கருத்தோடு ஸயீத் இருக்கிறது. வாப்பா பயந்தார் என்பதை ஒரு பிள்ளை வகுப்பில் எழும்பிச் சொல்ல முடியாது.

குழுமத்தில் எழுதியவர்களே, எழுதியதை அழியுங்கள். பிறகு பிள்ளையைப் பார்க்கப் போங்கள். போனால் முதலில் அந்த உம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அந்தக் குழந்தைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் பயமில்லாத நாட்டையும் தருவானாக. ஆமீன்.